கோலமாவு அம்பு

பெருங்களத்தூர்
8 செப்டம்பர் 2024

அன்புள்ள தம்பி சாலமனுக்கு,

அண்ணி எழுதுவது. நானும் ஜான்சியும் சுகம். நீ சுகமா என்று கேட்க நாற்பது தடவை போன் போட்டிருப்பேன். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறாய் என்று ஒரு பெண் சலிக்காமல் சொல்கிறாள். உன்னைவிட அவள் எனக்கு நெருக்கமாகிவிட்டாள். அதனால்தான் தபால்.

உன் அண்ணன் போய் எட்டு வாரம் ஆகிறது. அடக்கம் முடிந்த மறுவாரமே நீ சிங்கப்பெருமாள் கோவில் கம்பெனி வேலையை விட்டுவிட்டு, அவர் விழுந்த அதே மலையில் போய் உட்கார்ந்துகொண்டாய். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்காதது என் பெருந்தன்மை என்று வைத்துக்கொள்.

நேற்று உங்கள் சைக்கிள் கூட்டத்து விக்கி வந்து அவருடைய சைக்கிளை பால்கனியில் நிறுத்திவிட்டுப் போனான். முன்சக்கரம் நெளிந்திருக்கிறது. கைப்பிடியில் தொங்கிய பையில் பாதி பாக்கெட் கோலமாவு. "அப்பா காட்டுக்குப் போயி கோலமா போட்டாரு?" என்று ஜான்சி கேட்டாள். எனக்கும் முழுக்கத் தெரியவில்லை.

அவளைப் பற்றித்தான் எழுத வந்தேன். அப்பா மேல் தீராத கோபத்தில் இருக்கிறாள். கல்லறைக்கு வரமாட்டேன் என்கிறாள். "அம்பு போட்டிருந்துச்சு, அப்பா பாக்காம போயிட்டாருன்னு சித்தப்பாவே சொல்றாரு. நம்மள நெனச்சிருந்தா பாத்திருப்பாருல்ல?" என்கிறாள். பதினேழு வயதுப் பெண்ணுக்கு நான் என்ன பதில் சொல்வது?

பாதை பிரிகிற அந்த இடத்தில் என்ன நடந்தது என்று ஒரே ஒரு தடவை எனக்கு வரிசையாக எழுது. ஆறுதல் வேண்டாம், நடந்தது வேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
கிறிஸ்டினா அண்ணி


புளியங்குட்டை, ஜவ்வாது மலை
29 செப்டம்பர் 2024

மரியாதைக்குரிய அண்ணிக்கு,

சாலமனின் தோத்திரம். சுகமாக இருக்கிறேன். தபால் இங்கே வாரத்துக்கு இரண்டு நாள்தான் மேலே ஏறும். சாமை அரவை மில்லில் மோட்டார் பார்க்கிற வேலை. ராத்திரி குளிர்கிறது, போர்வை இருக்கிறது.

ஜான்சி கேட்டதற்குச் சொல்கிறேன். ஜி.எஸ்.டி. ரோட்டு ஹார்ன் சத்தம் பொறுக்காமல்தான் நாங்கள் எட்டுப் பேர் மாதத்தில் ஒரு ஞாயிறு, கார்களின் மேல் சைக்கிளைக் கட்டிக்கொண்டு இங்கே வர ஆரம்பித்தோம். நாற்பது கிலோமீட்டருக்கு வெறும் சரளைப் பாதை. ஒரு மோட்டார் பைக் கூட வராது. டவரும் வராது, ஆகவே போன் மேப் உதவாது. பாதை பிரிகிற இடத்தில் முதல் ஆள் கோலமாவால் அம்பு போட்டுவிட்டுப் போவான். பின்னால் வருகிறவர்கள் அதைப் பார்த்துத் திரும்புவார்கள். கடைசி ஆள் இறங்கி, அதைக் காலால் தேய்த்து அழித்துவிட்டு வர வேண்டும்.

முதலில் அழிக்கிற வழக்கம் இல்லை. ஒரு தடவை முச்சந்தியில் வெள்ளை மாவைப் பார்த்த ஊர்க்காரர்கள் யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று பயந்து, ஒரு வாரம் அந்த வழியில் ஆடு ஓட்டவில்லை. அண்ணன்தான் ஊருக்குள் போய் மன்னிப்புக் கேட்டார். "நம்ம குறிய நாமதான் அழிக்கணும்டா" என்று அன்றைக்குச் சட்டம் போட்டார். கடைசி ஆள் யாரையும் முந்தக் கூடாது. ஏழு பேரும் தாண்டிவிட்டார்கள் என்று தெரிந்த பிறகுதான் அழிக்கலாம்.

அன்றைக்குக் கடைசி ஆள் நான். அண்ணன் எனக்கு முன்னால் போனார். அம்பு இடப்பக்கம் காட்டியது. அவர் வலப்பக்கம் போய்விட்டார். அது கைவிட்ட கல்குவாரியின் விளிம்பில் முடிகிறது. வேறு சொல்ல ஒன்றும் இல்லை.

நீங்கள் பி.பி. மாத்திரையை விடாமல் சாப்பிடவும்.
சாலமன்


பெருங்களத்தூர்
3 நவம்பர் 2024

தம்பிக்கு,

மாத்திரை சாப்பிடுகிறேன். நீ சாப்பாடு சாப்பிடுகிறாயா? தீபாவளிக்கு ஊருக்குப் போன கூட்டமெல்லாம் இன்று திரும்பி வருகிறது. எங்கள் பஸ் ஸ்டாப்பில் எறும்பு நுழைய இடமில்லை. சர்ச்சிலிருந்து வீடு வர ஒரு மணி நேரம். இந்தச் சத்தத்தை விட்டுத்தானே அவர் ஓடினார் என்று நடந்துகொண்டே நினைத்தேன்.

நேற்று கல்லறைகளில் மெழுகுவத்தி ஏற்றுகிற நாள். நான் மட்டும் போனேன்.

உன் கடிதத்தை ஜான்சிக்குப் படித்துக் காட்டினேன். அவள் கணக்கில் கெட்டிக்காரி. "சித்தப்பாவுக்கு முன்னாடி போனவரு வலப்பக்கம் திரும்புறத சித்தப்பா ஏன் பாக்கல?" என்று கேட்டாள். நான் கேட்க நினைத்ததுதான். நீ எங்கே இருந்தாய் சாலமன்?

அவருடைய போன் என் அலமாரியில் இருக்கிறது, கண்ணாடி சுக்கல். தாம்பரத்தில் ஒரு கடையில் உயிர் கொடுத்துவிடுவார்கள் என்கிறாள். எனக்குத்தான் கை வரவில்லை. ஏன் என்று இப்போது எழுத மாட்டேன்.

கிறிஸ்டினா அண்ணி


புளியங்குட்டை
24 நவம்பர் 2024

அண்ணிக்கு,

மழையில் பாதை அறுத்துக்கொண்டு நான்கு நாள் தபால் ஏறவில்லை. சுகம். உங்கள் சுகத்துக்கு ஜெபிக்கிறேன்.

அந்த இடத்தில் வளைவு இருக்கிறது, புதர் இருக்கிறது. முன்னால் போகிறவர் மறைந்துவிடுவார். ஜான்சியிடம் அப்படிச் சொல்லுங்கள்.

போனைப் பழுது பார்க்க வேண்டாம். உடைந்தது உடைந்ததாக இருக்கட்டும். பழைய படங்களைப் பார்த்தால் அவளுக்குப் படிப்பு கெடும்.

ஒன்று சொல்ல வேண்டும், யாரிடமும் சொல்லவில்லை. ஞாயிறு காலையில் நான் மட்டும் அந்தப் பாதையில் சைக்கிள் விடுகிறேன். சரளையில் டயர் ஏறும்போது அப்பளம் நொறுங்குகிற மாதிரி ஒரு சத்தம் வரும். நம் சைக்கிள் சத்தம் நமக்குக் கீழே கேட்கும். எனக்குப் பின்னாலும் ஒன்று கேட்கிறது. நான் நின்றால் அதுவும் நிற்கிறது. திரும்பிப் பார்த்தால் பாதை வெறுமையாக இருக்கிறது. கடைசி ஆளுக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது அண்ணி. அதுதான் சட்டம்.

சனிக்கிழமை சாயங்காலம் அந்த இடத்தில் நான் ஒரு அம்பு போட்டுவிட்டு வருகிறேன். அழிப்பதில்லை. ஞாயிறு விடிந்து போய்ப் பார்த்தால் அழிந்திருக்கிறது. மழை இல்லாத நாளிலும். ஷூ காலால் அரைவட்டமாகத் தேய்த்த தடம், நாங்கள் தேய்ப்பது மாதிரியே.

பயப்படாதீர்கள். நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.
சாலமன்


பெருங்களத்தூர்
20 டிசம்பர் 2024

தம்பிக்கு கிறிஸ்துமஸ் வாழ்த்து.

கேக் அனுப்புகிறேன், இந்த வருஷம் வீட்டில் செய்யவில்லை, கடையில் வாங்கியது. நட்சத்திரம் கட்டவில்லை.

உன் சொல்லைக் கேட்காமல் போனைப் பழுது பார்த்துவிட்டோம். கடைக்காரர் கண்ணாடி மாற்றி, சார்ஜ் ஏற்றி, என் கையில் கொடுத்தார். எல்லாம் அப்படியே இருக்கிறது. அவர் எடுத்த படங்கள், வந்த போன், போன போன், எல்லாம் நேரத்தோடு இருக்கிறது. ஜான்சிக்கு இன்னும் காட்டவில்லை.

இனி நான் உன்னை ஒன்றும் கேட்கப் போவதில்லை. ஒரே ஒரு விவரம் மட்டும் சொல். பாதை பிரிகிற இடத்தில் டவர் கிடைக்குமா?

குளிருக்கு ஸ்வெட்டர் போடு.
கிறிஸ்டினா


புளியங்குட்டை
12 ஜனவரி 2025

அண்ணிக்கு,

கேக் வந்தது. மில்லில் எல்லோருக்கும் கொடுத்தேன். ஸ்வெட்டர் போட்டிருக்கிறேன்.

அந்த இடத்தில் டவர் கிடைக்காது. அங்கே போய்ச் சேர அரை கிலோமீட்டர் இருக்கும்போது பாதையை விட்டு மேலே ஏறினால் ஒரு பாறை இருக்கிறது. அதன் அடியில் போன் விட்டு விட்டு அடிக்கும், பேச வேண்டுமானால் மேலே ஏற வேண்டும். டவர் பாறை என்று சொல்வோம். ஏன் கேட்டீர்கள்? போனில் என்ன இருக்கிறது?

அம்பை யார் அழிக்கிறார்கள் என்று தெரிந்துவிட்டது. ஆடு மேய்க்கிற முனியம்மாவைக் கேட்டேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "இன்னா சார் வெளாட்றியா? நீதான வெடிகாலைல சைக்கிள்ல வந்து எறங்கி, கால்ல தேச்சிட்டுப் போற? நான் ஆட்ட ஓட்டிகினு எதிர்ல வரேன், கூப்புடறேன், பேய் மாதிரி திரும்பிப் பாக்காம போற" என்றாள். எனக்கு ஒன்றும் நினைவில்லை அண்ணி. ஆனால் அன்று காலை ஷூவைப் பார்த்தேன். மாவு ஒட்டியிருந்தது.

அவள் போகும்போது இன்னொன்றும் கேட்டாள். "ஒனக்குப் பின்னால இன்னொருத்தரு வந்தாரே, சைக்கிள புடிச்சிகினு தரையவே பாத்துகினு நின்னாரே, அவரு யாரு?" என்றாள். எந்த நாள் என்று நான் கேட்கவில்லை.

சாலமன்


பெருங்களத்தூர்
23 பிப்ரவரி 2025

தம்பிக்கு,

நாங்கள் சுகம். ஜான்சிக்கு பிளஸ் டூ பரீட்சை வருகிறது. பால்கனியில் சைக்கிளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் படிக்கிறாள், ஆனால் அதைத் தொடமாட்டாள்.

முனியம்மா சொன்னதை நாலு தடவை படித்தேன். அன்று இரவு விளக்கை அணைக்காமல் படுத்தேன்.

போனில் என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறாய். சொல்கிறேன், ஆனால் இப்போது இல்லை. நீ எழுது, காத்திருக்கிறேன்.

கிறிஸ்டினா


பெருங்களத்தூர்
20 ஏப்ரல் 2025, ஈஸ்டர்

சாலமன்,

மூன்று மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. மில்லுக்குப் போன் போட்டு நீ உயிரோடு இருக்கிறாய் என்று மட்டும் தெரிந்துகொண்டேன். சுகமாக இருக்கிறாயா என்று அவர்களைக் கேட்டேன். "இருக்காரு" என்றார்கள். அவ்வளவுதான்.

நீ பேசாவிட்டால் நான் பேசுகிறேன். ஒன்பது மாதம் என் நெஞ்சில் கல்லாக வைத்திருந்தது.

அந்த ஞாயிறு காலை 7.22க்கு நான் அவருக்குப் போன் போட்டேன். அன்று சர்ச்சில் ஜான்சிக்குத் திடப்படுத்தல் ஆராதனை. வருவதாகச் சொல்லிவிட்டு, முந்தின ராத்திரியே மலைக்குக் கிளம்பிப் போய்விட்டார். கோபத்தில் விடாமல் அடித்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் எடுத்தார். மூச்சு வாங்கியது. "டவருக்காகப் பாறை மேல ஏறிட்டேன், சொல்லு" என்றார். பதிமூன்று நிமிஷம் சண்டை போட்டேன். "மத்தியானத்துக்குள்ள வந்துருவேன்மா" என்றார். "வர வேணாம். அங்கேயே இருங்க" என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

அங்கேயே இருந்துவிட்டார்.

இதை நான் ஜான்சியிடம் சொல்லவில்லை, பாதிரியாரிடம் சொல்லவில்லை. அவள் அப்பா மேல் கோபப்படும்போதெல்லாம், என் மேல் வர வேண்டிய கோபம் அது என்று தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். நான் போன் போடாமல் இருந்திருந்தால் அவர் மனசு கலங்காமல் அம்பைப் பார்த்திருப்பார் என்று பல மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் பாதி இதுதான். உன்னிடம் இருப்பதை நீ எழுது.

கிறிஸ்டினா


புளியங்குட்டை
11 மே 2025

அண்ணி,

சுகம் விசாரித்து எழுத எனக்குத் தகுதி இல்லை, நேராக எழுதுகிறேன்.

அவர் எப்படி எனக்குப் பின்னால் போனார்? பத்து மாதமாக நான் ராத்திரியும் பகலும் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி அது. ஒருவர் ஒதுங்கினால்தான் இன்னொருவர் தாண்ட முடிகிற பாதை. முந்தாமல் எப்படி முந்தினேன்? பாறை மேல் ஏறியிருக்கிறார். சைக்கிளையும் புதருக்குள் இழுத்துப் போட்டிருக்கிறார். நான் கீழே அவரைத் தாண்டிப் போயிருக்கிறேன். உங்கள் கடிதத்தைப் படித்துத்தான் புரிந்தது.

பாறையைத் தாண்டியதும் எனக்கு முன்னால் யாரும் தெரியவில்லை. எல்லோரும் இறக்கத்தில் குஷியாகப் போய்விட்டார்கள், நான்தான் பின்தங்கிவிட்டேன் என்று நினைத்தேன். ஆளை எண்ணவில்லை. பிரிகிற இடத்தில் இறங்கி அம்பை அழித்தேன். நன்றாக, இரண்டு தடவை தேய்த்தேன். அண்ணன் போட்ட சட்டம் என்பதால் அதில் மட்டும் நான் குறை வைத்ததில்லை. கீழே டீக்கடையில் சேர்ந்தபோது ஏழு பேர்தான் இருந்தோம்.

அம்பு இருந்தது என்று சொன்னேன் அல்லவா? எனக்கு இருந்தது. அவருக்கு இல்லை. அதைத்தான் மறைத்தேன். சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, உங்கள் முகத்தைப் பார்த்து, அவர் பார்க்காமல் போனார் என்று செத்தவர் மேல் பழியைப் போட்டேன். அதற்குப் பிறகு தாம்பரத்து வீட்டில் என்னால் இருக்க முடியவில்லை.

நீங்கள் போன் போட்டீர்கள், அவர் நின்றார். போகிற வழியில் யாரும் எதற்காகவும் நிற்கலாம். நின்றவருக்காகக் காத்திருக்கத்தான் கடைசி ஆள். உங்கள் போனால் அவர் சாகவில்லை அண்ணி. இதை ஜான்சியிடம் காட்டுங்கள்.

இனி என் பெயரைச் சொல்லப் பிடிக்காவிட்டாலும் சரி.
சாலமன்


பெருங்களத்தூர்
15 ஜூன் 2025

சாலமனுக்கு,

நான் சுகம். ஜான்சி சுகம். நீ சுகமாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன், அதுவும் நிஜம்தான்.

எனக்கு டிசம்பரிலேயே தெரியும். அவருடைய போனில் கடைசிப் படம் 7.41க்கு எடுத்தது. தரையில் ஒரு வெள்ளைத் தீற்றல், அரைவட்டமாக, பக்கத்தில் அவருடைய சைக்கிளின் முன்சக்கரம். அதற்கு அடுத்தபடி உனக்கு ஒரு மெசேஜ்: "டேய் எந்தப் பக்கம்? மாவ காணோமே." பக்கத்தில் சின்னதாகக் கடிகாரக் குறி. டவர் இல்லாததால் போகவில்லை.

அதை உனக்கு அப்போதே எழுதியிருக்கலாம். எழுதியிருந்தால் நீ பிடிபட்டவனாகியிருப்பாய். நீயாகச் சொல்ல வேண்டும் என்று வைராக்கியமாக இருந்தேன். சில நாள் உன் கழுத்தை நெரிக்க வேண்டும் போல இருந்தது, அதையும் மறைக்கவில்லை. சில நாள் நீ தனியாக அந்தப் பாதையில் போவதை நினைத்து எனக்கே தூக்கம் வரவில்லை.

என் பாதியையும் உன் பாதியையும் ஜான்சியிடம் சொன்னேன். போனையும் காட்டினேன். நான்கு நாள் அவள் என்னோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டே வந்து, "அப்பா பாத்திருக்காரு இல்லம்மா? எறங்கி நின்னு, தேடிப் பாத்திருக்காரு" என்றாள். அப்படியே அழுதாள். அன்று சாயங்காலம் இரண்டு பேரும் கல்லறைக்குப் போனோம்.

இப்போது நீ ஒன்று செய்ய வேண்டும். அந்த மெசேஜ் இன்னும் போகாமல் நிற்கிறது. நெட் கொடுத்தால் போய்விடும் என்று கடைக்காரர் சொன்னதால், திறந்த நாளிலிருந்து விமானக் குறியை அமுக்கியே வைத்திருக்கிறேன். ஜூலை 13 ஞாயிறு, ஒரு வருஷம் ஆகிறது. அன்று காலை 7.41க்கு அதை எடுத்துவிடுவேன். நீ டவர் பாறை மேல் நில். மெசேஜ் வரும். பதில் போடு.

பதினோரு மாதமாக அந்த மனுஷன் வழி கேட்டுக்கொண்டு நிற்கிறார்.

கிறிஸ்டினா அண்ணி


பெருங்களத்தூர்
13 ஜூலை 2025, மாலை

தம்பிக்கு,

உன் பதில் வந்தது. "இடது பக்கம் அண்ணா. அழிச்சது நான்தான். அங்கேயே நில்லுங்க, வரேன்." ஜான்சி சத்தமாகப் படித்தாள். பிறகு நான் ஒரு தடவை படித்தேன்.

அவர் பெயருக்குக் கீழே யாரோ டைப் செய்வதாக உன் போனில் காட்டியிருக்கும். வந்து வந்து நின்றிருக்கும். பயந்திருப்பாய். அது நான்தான். அவருக்குப் பதிலாக நான் என்ன எழுத முடியும்? மூன்று தடவை எழுதினேன், மூன்று தடவையும் அழித்தேன். மூன்றாவது தடவை அழித்தபோதுதான், உனக்கு அந்த இடத்தில் எப்படி இருந்திருக்கும் என்று கொஞ்சம் தெரிந்தது.

சாப்பிட்டாயா என்று எழுது.
அண்ணி


புளியங்குட்டை
20 ஜூலை 2025

அன்புள்ள அண்ணிக்கும் ஜான்சிக்கும்,

சாப்பிட்டேன். அன்றைக்கு முனியம்மா களி கொடுத்தாள்.

7.41க்கு "ஜீவா அண்ணா" என்று பெயர் வந்தது. இரண்டு தடவை போனைக் கீழே போட்டேன். பதில் போட்டதும் டைப் செய்வதாக வந்தது. அது நீங்கள்தான் என்று புத்திக்குத் தெரியும். ஆனாலும் அண்ணனிடம் பேசுவது மாதிரி, "பரவால்ல, ஒண்ணும் சொல்ல வேணாம்" என்று வாய்விட்டுச் சொன்னேன். ஒரு மணி நேரம் பாறை மேலேயே நின்றேன்.

பிறகு இறங்கி, பிரிகிற இடத்தில் அம்பு போட்டேன். பாக்கெட்டில் இருந்த மாவு முழுவதையும் கொட்டி, பெரிதாக, இடப்பக்கம். முனியம்மா ஊரில் சொல்லிவிடுகிறேன் என்றாள், யாரும் பயப்பட மாட்டார்கள். இன்றும் போய்ப் பார்த்தேன். அழியாமல் இருக்கிறது. என் ஷூவில் மாவு இல்லை.

அன்றைக்குச் சைக்கிளை எடுத்துக்கொண்டு இடப்பக்கம் திரும்பினேன். கொஞ்ச தூரத்தில் பின்னால் அந்தச் சத்தம் கேட்டது, சரளையில் டயர் ஏறுகிற சத்தம். வழக்கமாக நான் நிற்பேன், அதுவும் நிற்கும். அன்றைக்கு நிற்கவில்லை. ஓரமாக ஒதுங்கி, வேகத்தைக் குறைத்து, வழி விட்டேன். அது பக்கத்தில் வந்து, என்னைத் தாண்டி, இறக்கத்தில் முன்னால் போயிற்று. தூரத்தில் கேட்கிற வரைக்கும் கேட்டுக்கொண்டே போனேன்.

எனக்குப் பின்னால் இப்போது யாரும் இல்லை அண்ணி. நான்தான் கடைசி ஆள்.

சாலமன்